அறுநூற்றுப் பதினேழால் என்ன மிச்சம்?

ஏறாவூர்க் கடைத்தெருவில் அவரிடம் சட்டை தைத்துக்கொண்டு வருபவர்களின் கையில் எப்போதும் இரண்டு பொட்டலங்கள் இருக்கும். ஒன்றில் சட்டை இருக்கும். மற்றதில் சட்டையின் மிச்சம் இருக்கும்.

மற்றத் தையல்காரர்களிடம் மிச்சத் துணி எங்கே என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். இவரோ கேட்காமலே தருவார். கழுத்தை வளைத்து வெட்டும்போது விழுந்த பிறை, கையடியில் விழுந்த முக்கோணம், விரல் நகமளவு நறுக்குகள் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கடதாசியில் சுற்றி, நூலால் கட்டித் தருவார். வாங்குகிறவர்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. ஒருமுறை விறகும் பலகையும் விற்கும் மரக்காலைக்காரர் ஒருவர் அந்தப் பொட்டலத்தைக் கடை வாசலிலேயே எறிந்துவிட்டுப் போனார். இவர் தைத்துக்கொண்டிருந்த சாரனை அப்படியே விட்டுவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவர் வீடுவரை நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

“இது ஒங்கட மிச்சம். என்ட கடையில கெடந்தா எனக்குத்தான் கணக்குப் பிழைக்கும்” என்றாராம்.

அதனால் ஊரில் அவருக்கு மிச்சக் காக்கா என்று பெயர்; காக்கா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார். கொஞ்சம் பெருமையும் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

நான் அவரிடம் முதன்முதலில் போனது ஒரு கோட்டுக்காக. தன்னாமுனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், கோட்டு இல்லாமல் நிற்கக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் எனக்கு முந்தி யாரும் கோட்டுப் போட்டதில்லை, பள்ளிக்கூடமும் போனதில்லை. அப்பா வாவியில் வலை வீசுகிறவர். அவர் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஒரே ஒரு தடவை, கூரைக்குக் கிடுகு கட்ட. அதனால் படிப்பு என்றால் எனக்கு விளையாட்டு இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் பிழையாக எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் அன்று இரவுச் சோறு இறங்காது.

காக்கா நாடாவை என் தோளில் வைத்து அளந்துகொண்டே கேட்டார்:

“மாஸ்டர், பிரித்தல் கணக்குப் படிப்பிக்கிறீங்களா?”

“ஓம் காக்கா.”

“மிச்சம் வந்தா என்ன செய்வீங்க?”

“விடைக்குப் பக்கத்தில மிச்சம் இவ்வளவு எண்டு எழுதுவம்.”

“மறுகா?”

“மறுகா என்ன, அவ்வளவுதான்.”

“பாவம்” என்றார். “அத அப்பிடியே நடுத்தெருவில விட்டுட்டுப் போயிருவீங்க.”

அவர் என்னைக் கேலி செய்கிறாரா என்று யோசித்தேன். அப்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தையல் மெசினுக்கு முன்னால் நிறுத்தினார். மெசினின் அடியில் சின்னப் பித்தளைத் தகடு ஒன்று ஆணியடித்து இருந்தது. அதில் ஏழு இலக்கம்: 1381463.

“பதிமூணு லச்சத்து எண்பத்தோராயிரத்து நானூத்தி அறுவத்தி மூணு. ஏழால பிரிச்சா ஆறு மிச்சம். பதினொண்டாலயும் ஆறு மிச்சம். பதிமூணால அஞ்சு. பதினேழால ஒம்பது. எதுக்கும் மசியிறானில்ல மாஸ்டர், தனிக்கட்டை!”

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் மிச்சமில்லாமல் பிரிக்க முடியாத எண்ணுக்கு அவர் வைத்திருந்த பெயர் தனிக்கட்டை. ஏழு தனிக்கட்டை, பதின்மூன்று தனிக்கட்டை. பதினைந்து அப்படியில்லை, மூன்றும் ஐந்தும் அதற்குள்ளே குடித்தனம் நடத்துகின்றன. நான் படித்தவன் அல்லவா, உடனே திருத்தினேன். அதற்குப் பகா எண் என்று பெயர் என்றேன். அவர் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தார்.

“நல்ல சொல்லுத்தான். ஆனா ஆள் இல்லாத வீடு மாதிரி இரிக்கி” என்று திருப்பித் தந்துவிட்டார்.

மெசினை வாங்கிய வருடத்திலிருந்தே அந்தப் பெரிய எண் தனிக்கட்டைதானா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒழுங்கான ஏற்பாடு வைத்திருந்தார். சட்டை மாதிரி வெட்டும் பழுப்புக் கடதாசியின் பின்புறத்தில் இரண்டிலிருந்து எண்களை வரிசையாக எழுதி, இரண்டின் பிள்ளைகள், மூன்றின் பிள்ளைகள், ஐந்தின் பிள்ளைகள் என்று அடித்துக்கொண்டே போவார். அடிபடாமல் நிற்பவை தனிக்கட்டைகள். அவை ஒவ்வொன்றாலும் மெசின் நம்பரைப் பிரித்து என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டும். ஆனால் கால் மிதியிலும் கை துணியிலும் இருக்கும்போது எப்படி எழுதுவது? அதனால் பெரிய பிரித்தல்களெல்லாம் திரைக்குப் பின்னால் நடந்தன.

திரைக்குப் பின்னால் அவருடைய மனைவி பொத்தான் துளை கட்டிக்கொண்டிருப்பார். நான் அந்த ராத்தாவின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். காத்தான்குடியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர். இழை எண்ணி எண்ணிப் பழகியதால் பிரித்தல் அவருக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

“புள்ள, இருவத்தி மூணால?”

சிலேட்டில் குச்சி ஓடும். பிறகு குரல் வரும்: “பதினாலு மிச்சம்.”

“இருவத்தொம்பதால?”

“பத்தொம்பது. சோறு அடியில புடிக்கிது, மத்தத நாளைக்கிப் பாப்பம்.”

மிச்சம் என்னவென்று சொன்னதும் அவர் அதை ஒருமுறை உரத்துச் சொல்லிக்கொள்வார். அதோடு சரி, மறக்கமாட்டார். சிலேட்டை ராத்தா உடனே அழித்துவிடுவார். மிச்சங்கள் முழுவதும் காக்காவின் தலைக்குள் இருந்தன.

ராத்தாவுக்கு அடுப்பு வேலை இருக்கும் நாட்களில் அவரே வெட்டுகிற துணியில் தையல் சோக்கால் பிரித்துப் பார்த்துவிடுவார். அப்படித்தான் என் கோட்டின் உட்புறத்தில் ஒரு முழு நெடும்பிரித்தல் இருந்தது. எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வந்த அன்று சரியான வெயில். அவர் நல்ல மனிதர், “கோட்டைக் கழற்றிவிட்டுப் படிப்பியுங்கள்” என்றார். கழற்றி நாற்காலியில் போட்டேன். சிறிது நேரத்தில் பார்த்தால் அவர் என் பாடத்தைக் கவனிக்காமல் கோட்டின் உட்புறத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பென்சிலை எடுத்து, நானூற்று முப்பத்தொன்றால் பிரித்துப் பார்த்தார்.

“நூற்றெட்டு மிச்சம். சரிதான். யாரிடம் படித்தீர்?”

“தையல்காரரிடம்” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆசிரியர் நகைச்சுவை உணர்வுடையவர் என்று அறிக்கையில் எழுதிவிட்டும் போனார். என் வாழ்நாளில் நான் அதுவரை ஒரு பகிடிகூட விட்டதில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அவருக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே என் நோக்கம். அது ஒருநாளும் நடக்கவில்லை. இப்படி எத்தனை எண்களால்தான் பிரித்துப் பார்ப்பீர்கள், இதற்கு ஒரு எல்லை உண்டு தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

“ஆயிரத்தி நூத்தி எழுவத்தொண்டோட நிப்பாட்டலாம்” என்றார், ஊசியில் நூல் கோத்தபடி. “அதுக்கு மேல ஒருத்தன் இதப் பிரிச்சாண்டா, அவன்ட சோடி அதுக்குக் கீழ நிண்டிரிக்கணும். அவன நாங்க முந்தியே கண்டிரிப்பம்.”

இன்னொரு நாள் மேசையில் பொத்தான்களைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணினார். நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அவர் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. பொத்தானையும் அப்படித்தான் எண்ணுவார். பதின்மூன்று பொத்தானை எடுத்து, மும்மூன்றாக மூன்று வரிசைச் சதுரம் ஒன்றும் இரண்டிரண்டாகச் சின்னச் சதுரம் ஒன்றும் அடுக்கினார்.

“பதிமூணு ரெண்டு சதுரமாகுது. ஏழ ஆக்குங்க பாப்பம்.”

முயன்றேன். ஆகவில்லை. பதினொன்றும் ஆகவில்லை. பதினைந்தும் ஆகவில்லை.

“நாலால பிரிச்சு மூணு மிஞ்சுற எதுவும் ஆகாது மாஸ்டர். என்ட நம்பரும் நாலால பிரிச்சா மூணு மிச்சம். பதிமூணு லச்சம் பொத்தான் கொண்டு வந்து கொட்டினாலும் ரெண்டு சதுரம் அடுக்கேலா.”

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாவிக்கரையில் குந்தியிருந்து சிப்பி ஓடுகளை வைத்துத் தொண்ணூற்றொன்பது வரை பார்த்தேன். அவர் சொன்னது ஒரு இடத்திலும் பிழைக்கவில்லை. அப்பா வலையை உதறிக்கொண்டு அம்மாவிடம், “பெடியனப் படிப்பிச்சது கூடிப்போச்சோ?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

கடைசியில் ஒருநாள் ஆயிரத்து நூற்று எழுபத்தொன்றும் வந்தது. எண்ணூற்று ஐம்பத்து நாலு மிச்சம் என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. காக்கா மிதியிலிருந்து காலை எடுத்தார். கிட்டத்தட்ட இருநூறு தனிக்கட்டைகள் வந்து முட்டிப் பார்த்தும் ஒன்றும் வெல்லவில்லை. அன்று வட்டிலப்பம் செய்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்து ஒரு ஆள் சேவல் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். “மெசினுக்கு” என்று காக்கா சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை.

அந்த வருட மார்கழி வெள்ளம் எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. வாவி பெருகி, முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும்வரை ஏறாவூர்க் கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எங்கள் பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தபடியால் கடைச் சாமான்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டுவந்து வகுப்பறைகளில் வைத்தார்கள். அவற்றுக்குக் காவல் நான். அவற்றில் இரண்டு தையல் மெசின்கள் இருந்தன. இரண்டும் ஒரே கொம்பனி, ஒரே அச்சு. ஒன்று தோணி சரிந்து தண்ணீருக்குள் விழுந்து, சேறு புகுந்து, தகடும் கழன்று இரும்புக் கட்டையாகக் கிடந்தது. மற்றது எண்ணெய் பூசியபடி பளபளவென்று இருந்தது. அதன் தகட்டில் 1381463.

வெள்ளம் வடிந்து சாமான் எடுக்க வந்தபோது, பளபளத்ததைத் தன்னுடையது என்று கடைத்தெருவின் மறுகோடியில் கடை வைத்திருந்த இன்னொரு தையல்காரரும் சொன்னார். அவரும் கெட்ட ஆள் என்று சொல்லமாட்டேன். ஐந்து பிள்ளைகள். துருப்பிடித்த இரும்பைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் அந்த வகுப்பறையில்தான் குந்தியிருந்தார். மெசின் வாங்கியபோது கொடுத்த சீட்டுகள் இரண்டு பேருடையதும் வெள்ளத்தோடு போய்விட்டன. காக்காவிடம் சட்டை தைத்தவர்கள் காக்கா பக்கமும், அவரிடம் சட்டை தைத்தவர்கள் அவர் பக்கமும் சத்தியம் செய்தார்கள். ஊர் அதிகாரியான விதானையார் குடையோடு வந்து, வகுப்பறையில் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நம்பரைக் காக்கா கடையிலேயே கண்டிருக்கிறேன் என்று நான் சொன்னதற்கு, “ஒங்கட கோட்டும் இவர் தைச்சதுதானே” என்று தள்ளிவிட்டார். நடப்பதை எழுதச் சொல்லி என்னிடம் ஒரு கொப்பியைத் தந்தார். வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

“சொந்த மெசினெண்டா நம்பர் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க பாப்பம்” என்றார் விதானையார்.

மறுகோடித் தையல்காரர் மூச்சுவிடாமல் ஏழு இலக்கத்தையும் ஒப்புவித்தார். இரண்டு நாள் அதற்கு முன்னால் குந்தியிருந்தவர் அல்லவா! காக்காவும் அதையே சொன்னார்.

விதானையார் தலையைச் சொறிந்தார். “இப்ப என்ன செய்யிற? மெசின ரெண்டாப் பிரிச்சுத் தரவா?”

“அது பிரிபடாது விதானையார்” என்றார் காக்கா. “நான் சோதிச்சுப் பாத்துட்டன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நம்பரக் கண்ணால பாத்தவன் ஒரு மணித்தியாலத்தில பாடமாக்கலாம். அதோட வாழ்ந்தவனுக்குத்தான் அதுட மிச்சமெல்லாம் தெரியும். பதிமூணால பிரிச்சா என்ன மிச்சம் எண்டு அவரக் கேளுங்க. மறுகா என்னைக் கேளுங்க. மாஸ்டர் சிலேட்டில பிரிச்சு, சரியா பிழையா எண்டு சொல்லட்டும்.”

மறுகோடித் தையல்காரர் விரலை மடக்கினார், விரித்தார். “இதென்ன விதானையார், மெசின் கேக்க வந்தனா, சோதினை எழுத வந்தனா?”

“ரெண்டும்தான்” என்றார் விதானையார். அவருக்கு விஷயம் பிடித்துவிட்டது. “நீங்க கேளுங்க மாஸ்டர். வரிசையா வேணாம், அங்கயும் இங்கயுமா கேளுங்க.”

சிலேட்டை மடியில் வைத்துக் குனிந்தேன். “பதிமூன்று?”

“அஞ்சு” என்றார் காக்கா.

பிரித்தேன். “சரி.”

“நாற்பத்துமூன்று?”

“ரெண்டு.”

“சரி.”

“நூற்றொன்று?”

“எண்பத்தாறு.”

கேள்வி முடியுமுன் பதில் வரும். எனக்கோ ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க நேரமெடுக்கும். நெற்றி வியர்வை சிலேட்டில் விழும். நான் தலை நிமிரவே இல்லை. என்ன நினைத்தேனோ, வாயில் வந்ததைக் கேட்டேன்:

“அறுநூற்றுப் பதினேழு?”

“லாபம்” என்றார். ஒன்று மிச்சம் என்று அர்த்தம்.

பிரித்தேன். நூற்று நாற்பத்தேழு வந்தது, இருநூற்று நாற்பது வந்தது, ஐந்நூற்று ஐம்பத்தைந்து வந்தது. கடைசியில் ஐயாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து மூன்றில் வந்து நின்றது. அறுநூற்றுப் பதினேழை ஒன்பதால் பெருக்கினால் அதே ஐயாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து மூன்று. மிச்சம் ஒன்றுமில்லை. அழித்துவிட்டு மறுபடியும் பிரித்தேன். மறுபடியும் சைபர்.

அந்த எண் உடைந்துவிட்டது. அதைவிட மோசம், காக்கா சொன்ன விடை பிழை. பிழை என்று சொன்னால் மெசின் போய்விடும். அந்த வீட்டில் வேறு தொழில் இல்லை. சரி என்று சொன்னால் சோக்குப் பிடித்த கையால் நான் சொல்லும் முதல் பொய். மழை கூரையில் கொட்டியது.

“என்ன மாஸ்டர்?” என்றார் விதானையார்.

“சரி” என்றேன். கொப்பியில் ‘617 — மிச்சம் 1’ என்று எழுதினேன். எழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

“போதும். மெசின் இவருக்குத்தான்” என்று விதானையார் எழுந்தார்.

மெசினை மாட்டுக் கரத்தையில் ஏற்றினோம். நானும் கூடப் போனேன். காக்கா சந்தோஷத்தில் மெசினின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். கொஞ்சத் தூரம்தான் என்னால் தாங்க முடிந்தது.

“காக்கா, அறுநூற்றுப் பதினேழால மிச்சமில்ல.”

அவர் என்னைப் பார்த்தார். பையிலிருந்து சோக்கை எடுத்துக் கரத்தைப் பலகையில் பிரித்தார். குலுக்கலில் இலக்கங்கள் கோணின. முடிந்ததும் சைபரின் மேல் விரலை வைத்தார்.

“சிலேட்டில இது வந்த நேரமே ஒனக்குத் தெரியுமா?”

அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் சரி எண்டியா?”

“மெசின் போயிரும் எண்டு நினைச்சன் காக்கா.”

“போகட்டுமே! வெறுங் கையால தைச்சுச் சாப்பிடுவன். நான் பிழையா சொன்னது என்ட பிழை. நீ சரி எண்டது ஒன்ட. அத ஏன் என்ட பொட்டலத்தில கட்டிவிட்ட?” வண்டிக்காரனிடம் திரும்பினார். “திருப்பு. விதானையார்ட்டப் போவம்.”

“அவர் தோணியேறிப் போயிட்டார் காக்கா. இந்தச் சேத்தில மாடு திரும்பாது” என்றான் வண்டிக்காரன்.

விடியட்டும் என்று வீட்டுக்குப் போனோம். திரைக்கு முன்னால் போய் நின்று கேட்டார்:

“புள்ள, அறுநூத்திப் பதினேழுக்கு என்ன மிச்சம் எண்டு எனக்குச் சொன்ன?”

“லாபம் எண்டன்.”

“லாபமெண்டா ஒண்டு!”

“ஒங்கட வயல்காரருக்கு ஒண்டு. எங்கட வீட்டில ஒண்ட ஒண்டு எண்டுதான் சொல்லுவம்.”

“அப்ப ஏங்கா லாபம் எண்ட?”

“பின்ன? காலங்காத்தால, தொழில் நடக்கிற இடத்தில, ஒண்டுமில்ல எண்டு வாயால சொல்லுவனா? மிச்சமே இல்லாமச் சரியாப் பங்குபட்டா அது லாபம்தானே!”

காக்கா நெற்றியில் கையை வைத்தார். “அப்ப இது உடையிற நம்பர் எண்டு ஒனக்கு இவ்வளவு நாளும் தெரியும்?”

“உடையுதா எண்டு நீங்க என்னைக் கேக்கல்லயே. மிச்சத்தத்தானே கேட்டீங்க. இருநூறு கணக்குல ஒண்டாவது மிச்சமில்லாம வந்திச்சே, அதுக்குத்தான் வட்டிலப்பம் எண்டு நான் நினைச்சன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. காக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் விடிந்ததும் மெசினைத் திரும்பக் கரத்தையில் ஏற்ற வேண்டும் என்றார். ராத்தா திரைக்கு அருகே வந்தார்.

“மெசின எங்க கொண்டு போறீங்க? அத வெச்சுத்தானே அடுப்பு எரியுது?”

“பிழையாச் சொல்லி வாங்கின மெசினால தைச்சா எந்தச் சட்டை புள்ள அளவுக்கு வரும்?”

கொஞ்ச நேரம் கழித்து, திரைக்குள்ளிருந்து மெசினின் மேல் போட ஒரு பழைய சீலை மட்டும் வெளியே வந்தது, பனியில் நனையாமலிருக்க.

காலையில் விதானையார் வீட்டு முற்றத்தில் கரத்தை நின்றது. அவர் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்கா நின்றபடியே முழுவதையும் சொன்னார்: அறுநூற்றுப் பதினேழு, லாபம், சைபர், வாத்தியாரின் பொய். என் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. மெசினை யாருக்குக் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள் என்றார்.

விதானையார் விரலைச் சூப்பிக்கொண்டே கேட்டார். “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“நீங்க நாப்பத்தி மூணுக்கு ரெண்டு எண்டு சொன்ன நேரம், மத்த ஆள் தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு எழும்பிப் போனார். மழையோட மழையா வீட்டுக்கே போயிட்டார். மாஸ்டர் சிலேட்டுக்குள்ள தலைய வெச்சிருந்தா எப்பிடிக் காணுவார்? நீங்களும் மாஸ்டர்ட வாயையே பாத்துக்கிட்டிருந்தீங்க.”

“அப்ப ஏன் விதானையார் மறுகாயும் கேட்டுக்கிட்டிருந்தீங்க?” என்றேன் நான்.

“மழை விடல்லயே” என்றார். “அதோட, கேக்க நல்லாவும் இருந்திச்சு. மெசின எடுத்துக்கிட்டுப் போங்க. அந்த மனிசன்ட மெசினுக்கும் மண்ணெண்ணெய் ஊத்திக் கழட்டிப் பூட்டிக் குடுங்க, ஒங்களுக்குத்தான் அது தெரியும்.”

“அது செய்வன். கொப்பியத் தாங்க” என்றார் காக்கா.

கொப்பி வந்தது. அவர் தொடவில்லை, என்னிடம் நீட்டினார். ‘மிச்சம் 1’ என்பதை வெட்டினேன். பக்கத்தில், 617 × 2239 = 1381463 என்று எழுதி, என் பெயரையும் போட்டேன்.

திரும்பும்போது அவர் மெசினின் மேல் கிடந்த சீலையை விலக்கித் தகட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அழப்போகிறாரோ என்று பயந்தேன்.

“இவ்வளவு காலமும் தனிய நிக்கிறான் எண்டு நினைச்சன். உள்ளுக்க ரெண்டு பேர் இருந்திரிக்காங்க” என்றார். பிறகு, “அந்த ரெண்டாயிரத்தி இருநூத்தி முப்பத்தொம்பது, அது தனிக்கட்டையா?” என்றார்.

“தெரியா காக்கா.”

“கரத்தைய நிப்பாட்டு.” சோக்கை எடுத்து என் கையில் வைத்தார். “நான் கை வெக்கமாட்டன். நீ பாத்துச் சொல்லு.”

வீதியோரம் ஒரு மருத மரத்தடியில் கரத்தை நின்றது. பலகையில் பிரிக்கத் தொடங்கினேன். ஏழால் ஆறு மிச்சம். பதினொன்றாலும் ஆறு. பதின்மூன்றால் மூன்று. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஒன்றுக்கும் தலையாட்டவில்லை. முப்பத்தொன்றால் ஏழு. முப்பத்தேழால் பத்தொன்பது. பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் நெருங்கியது. நாற்பத்தேழுதான் கடைசி, அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. அதை இரண்டு தடவை பிரித்தேன்.

“முப்பது மிச்சம். தனிக்கட்டைதான்” என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். பலகையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“உண்மையா?”

“உண்மை காக்கா.”

“சரி” என்றவர், வண்டிக்காரனின் முதுகில் தட்டினார். “விடு கரத்தைய. மாஸ்டருக்குப் பள்ளிக்கூடம் இரிக்கி.”